ஓக் மர வாசனை

ஒயின் தயாரிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் இன்று தேர்வு. போன முறை நான் ஃபெயில். இந்த முறையும் தேறாவிட்டால் வகுப்பை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்து மேஜை தபால் ஆபீஸ் அக்காவின் ஒயினைச் சுவைத்த வாத்தியார் முகம் சுளித்தார். "ஏம்மா, ஸ்டீல் டிரம்லயே வச்சீங்களா? ஸ்பூனை நக்கின மாதிரி இருக்கு."

"மரப் பீப்பாய் வாங்க நான் என்ன ஜமீனா சார்?"

"பீப்பாய் எதுக்கு? ஓக் கட்டை ஒண்ணை லேசா வாட்டி ஜாடியில போட்டாலே ருசி மாறிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

அடுத்தது நான். அவர் சொன்னதை ஒன்று விடாமல் செய்திருந்தேன். என் ஒயினை ஊற்றி நீட்டினேன்.

ஒரு வாய் குடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வனிலா... புகை... கடைசியில லேசா வார்னிஷ்! பிரமாதம்டா! நீ பாஸ்!"

அக்கா என்னை முறைத்தாள். "ஊரெல்லாம் அலைஞ்சும் எனக்கு ஓக் கிடைக்கல. உனக்கு மட்டும் எங்கடா தம்பி கிடைச்சுது?"

"அதானே, எங்கடா பிடிச்சே?" என்று கேட்டுக்கொண்டே, எப்போதும் நின்றபடி பாடம் நடத்தும் வாத்தியார், சுவரோரம் கிடந்த தன் பழைய ஓக் நாற்காலியில் சந்தோஷமாக உட்காரப் போனார்.

நான் வாய் திறப்பதற்குள், மூன்று காலில் நின்ற நாற்காலி பதில் சொல்லிவிட்டது.