தப்பைக் கண்டுபிடியுங்கள்

தேவாலயக் கூடத்தில் பெரியவர்களுக்கான விசுவாச வகுப்பு. கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே போதகர் வேண்டுமென்றே ஒரு தப்பான வாதத்தைக் கரும்பலகையில் எழுதுகிறார்: 'விசுவாசித்து ஜெபித்தால் நோய் தீரும், தீராவிட்டால் விசுவாசம் இல்லை.' கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் திரும்புகிறார். "இதுல எங்க தப்பு? யோசிச்சுச் சொல்லுங்க." "ஆமென்!" என்கிறது வகுப்பு. அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. "எதைக் கேட்டாலும் ஆமென்தானா? ஒருத்தராவது இல்லைன்னு சொல்லக் கூடாதா?" முன்வரிசைத் தையல்காரர் பயபக்தியோடு தலையாட்டுகிறார். "ஆமென்." சாக்பீஸ் போதகரின் விரல்களுக்குள் ஒடிகிறது. கடைசி நாற்காலியிலிருந்து, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நர்ஸம்மா எழுகிறார். "இல்லைங்கய்யா. நான் விசுவாசிச்சுதான் ஜெபிச்சேன். எங்க வீட்டுக்காரரு போயிட்டாரு." பதில் சொல்ல வாயைத் திறக்கும் போதகருக்கு ஒரே ஒரு சொல்தான் வருகிறது. "ஆமென்."