அழிக்காத ரவுட்டர்

சுவிட்சைப் போட்டதும் அது மாவு மில் மாதிரி இரைந்தது.

அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேசை அதிர்ந்தது.

வீட்டில் வைக்கிற ரவுட்டர் இல்லை அது. பெரிய அலுவலகங்களில் இரும்பு அலமாரிக்குள் திருகி வைப்பார்களே, அந்த வகை. தூக்கி வருவதற்குள் தோள் கழன்றுவிட்டது. அப்பா இருக்கும் முதியோர் காப்பகத்தில் கொடுத்தார்கள். அவர்களுடைய இன்னொரு கிளையை மூடியபோது கழற்றி வந்து ஸ்டோர் ரூமில் போட்டிருந்தார்கள்.

“நெட்வொர்க்கிங் படிக்கிறீங்களாமே மேடம். எடுத்துட்டுப் போங்க, சும்மாதான் கெடக்கு” என்றார் நிர்வாகி.

பழைய ரவுட்டர் கைக்கு வந்தால் முதல் வேலையாக உள்ளே பதிந்திருக்கும் பழைய அமைப்புகளை அழிக்க வேண்டும். பாடத்தில் அப்படித்தான் இருந்தது.

அழிக்கும் முன் ஒரு தடவை படித்துப் பார்க்க ஆசைப்பட்டாள். நிஜமான ஓர் அலுவலகத்தில் எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். மடிக்கணினியை இணைத்தாள். வீட்டு இன்டர்நெட் கேபிளையும் ரவுட்டரில் செருகினாள்.

பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. இரண்டு தடவை படித்தாள்.

காப்பகத்தோடு இணைப்பு ஏற்பட்டுவிட்டது.

அவள் எதையும் தொடவில்லை. பழைய கிளையில் இருந்தபோது சேர்ந்த மாதிரியே அதுவாகவே போய்ச் சேர்ந்துகொண்டது. கிளையை மூடியவர்கள், வழியை மூட மறந்திருந்தார்கள்.

கீழே முகவரிகள். கேமரா, வாசல். கேமரா, சமையலறை. கேமரா, ஹால்.

தப்பு என்று தெரிந்தது.

ஹாலின் முகவரியைத் தட்டினாள். கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை.

படம் மட்டும் வந்தது. ஓசை இல்லை. காலை வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். மற்ற நால்வரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதையோ படித்து நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ஏதோ சொன்னார். நால்வரும் சிரித்தார்கள்.

அப்பா.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சுவரைப் பார்த்தபடி இருப்பார். செய்தித்தாளைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பார். அவள் ஊட்டுகிற இட்லியை வாங்கிக்கொண்டு, “நீங்க யாரும்மா?” என்று கேட்பார்.

இரண்டு வருடமாக.

அதற்கு முன் புனேயில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. உங்களைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேன் என்று அவர் எதிரிலேயே அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். அந்த வாரம்தான் அவர் முதல்முறையாக அவள் பெயரை மறந்தார். அடுத்த மாதம் வீட்டுக்கு வழி தெரியாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மறதி நோய் என்றார். அழுதுகொண்டேதான் காப்பகத்தில் சேர்த்தாள்.

புனேவுக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தனவே.

காப்பகத்துக்குப் போன் போட்டாள். நர்ஸ் ஸ்டெல்லாதான் எடுத்தார்.

“சிஸ்டர், அப்பாகிட்ட ஒரு நிமிஷம் குடுக்கறீங்களா?”

“அவருக்கு ஒண்ணும் புரியாதேம்மா.”

“பரவால்ல. குடுங்க.”

திரையில் ஸ்டெல்லா ஹாலுக்குள் வந்தார். போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்து ஏதோ சொன்னார்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். நால்வரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள், பழகியவர்கள் போல.

தோள்கள் தொங்கின. வாய் பாதி திறந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிற அப்பா ஆனார். பிறகுதான் போனை வாங்கினார்.

“யாரு?”

“நான்தாம்பா.”

“நீங்க யாரும்மா?”

குரல் முன்னால் வந்தது. படத்தில் உதடு ஒரு நொடி கழித்து அசைந்தது.

அதன்பிறகு அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். ஒரு கண். மறு கண். கை பட்டு மடியிலிருந்த கண்ணாடி தரையில் விழுந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்தில் ஒன்றும் தெரியாது. காலால் துழாவினார்.

ஏன்பா என்று கேட்க நினைத்தாள். கத்த நினைத்தாள்.

“அப்பா, கண்ணாடி கீழ விழுந்துருச்சு. மிதிச்சிடாதீங்க.”

வாயிலிருந்து வந்தது அதுதான்.

அவர் கால் அப்படியே நின்றது.

யாரும் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தாள். இல்லை, வெயில் கட்டத்தின் மேல் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் தலையை மெல்லத் தூக்கினார். வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மூலையில், கூரைக்குக் கீழே.

நேராக அவளை.

ஸ்டெல்லா கண்ணாடியை எடுத்துத் தந்தார். அவர் மறைக்காமல் வாங்கி மாட்டிக்கொண்டு மறுபடி நிமிர்ந்தார். பிறகு, கொஞ்சமும் குழறாத குரலில் கேட்டார்.

“எவ்வளவு நேரமா பாத்துட்டிருக்க, மங்கை?”