முப்பதுக்கு ஒன்று குறைவு

தினமும் மாலை ஆறு மணிக்கு என் மாமியார் தொலைபேசியில் அழைத்து என்னை எண்ணச் சொல்வார். ஒரே மூச்சில் முப்பது வரை எண்ண முடிந்தால் நுரையீரல் தேறிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய மகளும் என் மனைவியுமான தாரணியும் நானும் ஒரே காய்ச்சலில் ஒரே வார்டில் படுத்திருந்தோம். நான் மட்டும் வீடு திரும்பினேன்.

முதல் நாள் ஒன்பதிலேயே மூச்சு முட்டியது.

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சா எப்படி விளங்கும்? நெல் அளக்கறப்ப முதல் மரக்காலை லாபம்னுதான் சொல்லுவோம். லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க மாப்பிள்ளை."

"நான் என்ன நெல் மூட்டையா அத்தை?"

"மூட்டை இவ்வளவு பேசாது."

வீட்டுக்கு வந்தபின் அன்றுதான் சிரித்தேன். சிரிப்பு இருமலில் முடிந்தது.

மூன்று மாதத்தில் இருபதைத் தாண்டினேன். எண்ணி முடித்ததும் மழை, சமையல், அவர் வீட்டுப் பசு என்று கொஞ்சம் பேசுவோம். தாரணியைப் பற்றிப் பேசுவதில்லை. முப்பது வந்துவிட்டால் அவர் என்னைக் கூப்பிட ஒரு காரணமும் இருக்காது.

இன்று இருபத்தொன்பது வரை தடையில்லாமல் வந்தது. இன்னும் நான்கைந்து எண்களுக்கு மூச்சு மீதமிருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு, இரைப்பதுபோல் இரண்டு முறை மூச்சை இழுத்தேன்.

"முப்பதுக்கு என்ன அவசரம்? நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்றார் அத்தை. "ராத்திரிக்கு என்ன சமையல்?"

ரசம் வைக்கப்போவதை, புளி ஊறிக்கொண்டிருப்பதை, சந்தையில் தக்காளி நன்றாகக் கிடைத்ததை எங்கும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கிடவில்லை.