மேப்பில் இல்லாத சுடுகாடு

"எங்க தெரு சுடுகாட்ட இந்த மேப்புல காட்டுங்க சார்." இதை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லித்தான் அப்பா என்னைத் துறைமுக நில அலுவலகத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். கேட்டுவிட்டேன். துறைமுகம் கொடுத்த புது வாட்ச்மேன் சட்டையில் அவர் வாசலோரம் நிற்கிறார். மேசையெங்கும் நிலக்கரித் தூசி. ஜன்னலுக்கு வெளியே சம்பாக் கதிரிலும் அதே கறுப்பு. அதிகாரி மேப்பில் விரல் வைக்கிறார். "இது வெறும் தரிசும்மா. நிலக்கரி கொட்டப்போறோம். பெரிய கப்பல் வரக் கடல்ல பதினாலு மீட்டர் தோண்டியாச்சு. படிச்ச பொண்ணு, இந்தச் சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போடு." "அவ்வளவு ஆழம் தோண்டுனவங்களுக்கு, அங்க ஆறடியில பொதச்சிருக்குற எங்கம்மா தெரியலையா?" அதிகாரி பேனாவை என் பக்கம் தள்ளுகிறார். "தமிழு, என் வேலை போயிரும்டி," என்கிறார் அப்பா, தரையைப் பார்த்து. கையெழுத்துப் போடாமல், தெருவே கைநாட்டு வைத்த அந்தச் சம்மதக் கடிதத்தை மேசையிலிருந்து எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே நடக்கிறேன்.