பெட்டி ஒன்று, பேர் மூன்று

“அவதான் அமுக்கினா அண்ணா. என் கிளாஸ் நின்னதும் அந்த ரூம்ல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு” என்றாள் பெரிய மருமகள். தன் பக்கமும்தான் நின்றது என்று சின்னவள் கதவைத் திறக்காமலே உள்ளிருந்து கத்தினாள்.

வீட்டு மாப்பிள்ளை ஏணிமேல் நின்று புது வைஃபைப் பெட்டியைச் சுவரில் முடுக்கிக்கொண்டிருந்தார். நெட்வொர்க் கம்பெனியில் வேலை பார்த்த பாவத்துக்கு மாமனார் வீட்டு வைஃபையும் அவர் தலையில்தான் விடிந்தது.

பெரியவள் வீட்டிலிருந்தே கணக்குப் பாடம் எடுப்பவள். சின்னவள் நேரலையில் துணி விற்பவள். உன்னால்தான் என் நெட் இழுக்கிறது என்று இருவரும் முட்டிக்கொண்டபோது, ஆளுக்கொரு தனி வைஃபை என்று பேர் வைத்துக் கொடுத்தவர் இவர்தான். பெட்டி என்னவோ ஒன்றுதான். மரியாதைக்கு மாமனாருக்கும் ஒரு பேர்.

அதோடு விட்டிருக்கலாம். நெரிசல் இல்லாத அலைவரிசையைத் தேட, எல்லார் போனிலும் ‘தேடு’ என்று ஒரு பொத்தானையும் வைத்தார் மேதாவி.

பெட்டிக்கு இருப்பது ஒரே காது. யாராவது தேடச் சொன்னால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொரு அலைவரிசையாக ஒட்டுக்கேட்டுவிட்டு வரும்; அதுவரை மூன்று பேருக்கும் அம்போ. ஒருத்தி அமுக்கினால் மற்றவள் நெட் நிற்கும் என்பதை மருமகள்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு கேட்கவா வேண்டும்?

போன வாரம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, இருவர் போனிலிருந்தும் பொத்தானைப் பிடுங்கினார் மாப்பிள்ளை. அப்படியும் நிற்பது நிற்கவில்லை. அவள் வேறு போன் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஒருத்தியை ஒருத்தி சொன்னாள்.

பெரியவள் வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று. சின்னவளும் பார்க்கிறாள். இரண்டிலும் ஒரே படுக்கையறை. அப்படியானால் மாமனார் எங்கே போவார்? மகள் வீட்டுக்கு, அதாவது மாப்பிள்ளை வீட்டுக்கு. மின்விசிறி சுற்றுவதில்கூடக் குற்றம் கண்டுபிடிக்கும் மனிதர் அவர். பெட்டியில்தான் கோளாறோ என்று புதுசே வாங்கி வந்துவிட்டார் மாப்பிள்ளை.

அந்த மனிதரே காலையில் வந்து, “விடுங்க மாப்பிள்ளை, ஒட்டாததை எத்தனை நாளைக்கு ஒட்டவெப்பீங்க?” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். போனில் சத்தத்தைக் குறைக்கக்கூட ஆள் கூப்பிடுகிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டார் இவர்.

பழைய பேர்களை அப்படியே புதுப்பெட்டியில் ஏற்றினார். இதிலும் நின்றால் இன்றைக்கே கிளம்புவதாகப் பெரியவள் சொல்லிவிட்டாள். ஆனால் பாடம் ஓடியது, வியாபாரம் ஓடியது, எந்த அறையிலிருந்தும் சத்தமில்லை. மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இனி யாரும் எங்கேயும் போகவேண்டாம் என்று சொல்ல மாமனாரின் அறைக்கு ஓடினார். கட்டில்மேல் பெட்டி படுக்கை கட்டி வைத்திருந்தது. பாவம், மனசு எவ்வளவு நொந்திருந்தால் இப்படிக் கட்டி வைத்திருப்பார் என்று நினைத்தபடி மாப்பிள்ளை கிட்டே போனார்.

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘தேடு’ பொத்தான்மேல் அவர் கட்டைவிரல் சாவகாசமாக இறங்கியது.

ஒரு அறையில் பெரியவள் கத்தினாள். மறு அறையில் சின்னவள் கத்தினாள். “அண்ணா, நான் இப்பவே கிளம்பறேன்” என்று பெரியவள் கதவை அறைந்தாள்.

மாமனார் திரும்பிப் பார்த்தார். பதறவில்லை, போனை மறைக்கவும் இல்லை.

“உங்க வீட்டு வைஃபைலயும் எனக்கு ஒரு பேர் வெச்சிடுங்க, மாப்பிள்ளை.”