நாற்பது நாள் பயிர்

"விசிறினதோ, நட்டதோ?"

"நட்டது ஐயா."

"இந்தப் பக்கம் எல்லாரும் விசிறித்தானே விதைக்கிறது. நீங்கள் மட்டும் ஏன் நட்டனீங்கள்?"

வள்ளிநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "விதைநெல் காணாது ஐயா. நட்டா மிச்சம் பிடிக்கலாம்."

திருகோணமலையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்திருந்த அதிகாரி சிவகுருநாதன், வரப்பில் நின்றபடியே எழுதிக்கொண்டார்.

சீனன்குடா விமானத்தளம் போதாதென்று இந்தத் திரியாயிலும் விமானம் இறங்க இடம் தேடிய வெள்ளைக்காரப் பட்டாளத்தார், அவளுடைய வயலில் சிவப்புக் கொடி குத்திவிட்டுப் போய் இரண்டு மாதம். ஆனால் யுத்தத்தால் பர்மா அரிசி நின்று நாடே சோற்றுக்கு அல்லாடியதில், அரசாங்கம் ஒரு புதுச் சட்டம் போட்டிருந்தது. நெல் நிற்கும் வயலை யாரும் எடுக்கக் கூடாது. நெல் நிற்கிறதென்று இந்த மனிதர் எழுதினால் வயல் அவளுக்கு. எழுதாவிட்டால் பட்டாளத்துக்கு.

மனிதர் எழுதியதைவிடக் கேட்டதே அதிகமாக இருந்தது.

"எத்தினை பேர் நட்டது?"

"நானும் மகளும்."

"ரெண்டே பேரோ? எத்தினை நாள் பிடிச்சது?"

"ஆறு நாள்."

"நட்ட உடன வாடேல்லையோ?"

"முதல் ரெண்டு நாள் தலை சாஞ்சது. பிறகு நிமிந்திட்டுது."

"தண்ணி?"

"கணுக்கால் அளவு நிண்டாப் போதும்."

சட்டத்துக்கு எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று அவளுக்கு விளங்கவில்லை. சப்பாத்தும் தொப்பியும் போட்ட ஆள், பச்சையாகத் தெரிந்ததை நெல் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நம்பியிருந்தாள்.

அவர் சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை மடித்துவிட்டு வயலுக்குள் இறங்கினார். ஒரு செடியைப் பிடுங்கி, இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பார்த்தார்.

"நெல்லுக்கு இந்த இடத்தில மெல்லிசா ஒரு நாக்கு இருக்கும்," என்றார். "இதுக்கு இல்லை."

வள்ளிநாயகி வரப்பிலேயே குந்திவிட்டாள்.

"ஜப்பான்காரன் குண்டு போட்ட அண்டைக்குக் காட்டுக்குள்ள ஓடினனாங்கள் ஐயா. விதைநெல்லைத்தான் குத்திப் பிள்ளையளுக்குக் கஞ்சி காய்ச்சினனான். இது குளத்துப் புல்லு. மாரிக்குள்ள எங்கயாவது விதை தேடி விதைச்சிடுவன்."

"எந்தக் குளம்?"

"ஊர்க்குளம்தான்."

"புல்லு இன்னும் கிடக்கோ?"

"கிடக்கு." சாட்சிக்கு அதையும் பிடுங்கிக்கொண்டு போகப் போகிறார் என்று நினைத்தாள்.

சிவகுருநாதன் கரையேறி, ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு எழுதினார். எழுதியதை அவளுக்குக் கேட்க வாசித்தார்.

"நெல். பச்சைப்பெருமாள் இனம். நாற்பது நாள் பயிர்."

அவர் வரப்பின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தம்பலகாமத்தில எங்கட அப்பாட வயலிலயும் கொடி குத்திப்போட்டாங்கள். வாற மாதம் வேற அதிகாரி பார்க்க வாறார். அங்கயும் ஒரு மணி விதைநெல் இல்லை. நீங்களும் மகளும் வந்து இந்தப் புல்லை நட்டுத் தருவியளோ?"