பூணூலில் கட்டிய கத்தி

"கேட்டேளா, குக்கர் கைப்பிடி மறுபடியும் கழண்டுடுத்து!"

அடுக்களையிலேர்ந்து என் ஆத்துக்காரி கமலாக்ஷியோட குரல்.

"உன் கையென்ன கையா, கடப்பாரையா? முந்தாநாள்தானேடி முடுக்கிக் கொடுத்தேன்!"

"என்ன பண்றது, என் கைராசி அப்படி."

திட்டிண்டேதான் எழுந்தேன். ஆனா உள்ளுக்குள்ளே ஒரே குஷி. சட்டைக்குள்ளே கையை விட்டுப் பூணூலை வெளியே இழுத்தேன். அதுல கட்டியிருந்த மடக்குக் கத்தி ஜம்முனு வெளியே வந்தது.

சாதாரணக் கத்தி இல்லை, பன்னிரண்டு அலகு! மட்டாஞ்சேரியில நாணு கடையில வாங்கினது. கப்பல்காரா கொண்டுவந்து தள்ளற சாமானெல்லாம் அவன்கிட்டே கிடைக்கும்.

அன்னிக்கே நாணு சொன்னான். "சாமிக்கு இந்த மூணு அலகு மதி, போதும். டப்பா திறக்கலாம், ஸ்க்ரூ முடுக்கலாம், பின்னே பென்சில் சீவலாம்."

"போதாதுடா. ஆபத்து என்ன சொல்லிண்டா வரும்? பெரிசை எடு."

"இதுல மீன் செதில் சுரண்ட ஒண்ணு உண்டு சாமி. ஒயின் குப்பி திறக்க ஒண்ணு."

"இருக்கட்டும்"னேன். ஏகாதசின்னா வெங்காயத்தைக்கூடத் தொடாத பட்டர் நான்.

எதுக்கு வாங்கினேன்னா, வருஷக்கணக்கா மிளகுக் கம்பெனி கோடவுன் சாவி என் பூணூல்லதான் தொங்கிண்டிருந்தது. கம்பெனியை மூடினப்போ சாவியைத் திருப்பி வாங்கிண்டுட்டா. மறுநாள் குளிக்கறச்சே இடுப்புல ஒண்ணும் இடிக்கலை. கிணத்தடியில நின்னு அழுதுட்டேன். அந்த இடத்துல எதையாவது கட்டித் தொங்கவிட்டாத்தான் மனுஷனா இருக்கலாம்னு தோணித்து.

நான் காத்திண்டிருந்த ஆபத்தும் வந்தது. நானும் கமலாக்ஷியும் எர்ணாகுளம் போயிண்டிருந்த போட்டுல ஒரு அம்மாவோட புடவைத் தலைப்பு பலகை இடுக்குல மாட்டிண்டுடுத்து. அவ இறங்க வேண்டிய ஜெட்டி, அதான் படகுத்துறை, வந்தாச்சு. போட்டு கிளம்பப் போறது.

"விலகுங்கோ! என்கிட்டே கத்தி இருக்கு!"ன்னு கத்தினேன்.

அப்படிக் கத்தினா யார் விலக மாட்டா? எல்லாரும் ஒரே பக்கமா ஒதுங்கினதுல போட்டே சாஞ்சது.

கத்தியோ பூணூல்ல. பலகையோ கீழே. நூல் எட்டலை. அந்த அம்மா காலடியில கிட்டத்தட்ட நமஸ்காரமே பண்ணினேன். முதல்ல இழுத்த அலகு, மீன் செதில். அடுத்தது, ஒயின் திருகி. மூணாவதை இழுக்கறச்சே என் நகம்தான் பேர்ந்தது. அதுக்குள்ளே கமலாக்ஷி பலகையைக் காலால அமுக்கி, தலைப்பை உருவிக் கொடுத்து, அந்த அம்மா இறங்கியே போயாச்சு. நான் இன்னும் குனிஞ்சிண்டிருக்கேன்.

"எழுந்திரிக்கலாம் சாமி, தேவி போயாச்சு"ன்னார் போட்டுக்காரர்.

போட்டே சிரிச்சது. கமலாக்ஷி மட்டும் சிரிக்கலை.

ஆத்துக்கு வந்ததும் கத்தியை அவிழ்த்து அலமாரியில விட்டெறிஞ்சேன். தேவராங்கற இடத்துல ஒரு மரக் கம்பெனியில கோடவுனைப் பார்த்துக்க ஆள் வேணும், வந்து பாருங்கோன்னு சொல்லியிருந்தா. போகலை.

"ஏன் போகலை?"ன்னா கமலாக்ஷி.

"ஒரு புடவையை இடுக்குலேர்ந்து எடுக்கத் துப்பில்லை. நானா கோடவுனைப் பார்த்துக்கப் போறேன்? போடி."

அதுக்கப்புறம்தான் ஆத்துல ஒவ்வொண்ணா கழல ஆரம்பிச்சது. முதல்ல குக்கர் கைப்பிடி. அப்புறம் அலமாரிக் குமிழ், தையல் மெஷின் தகடு, ரேடியோவோட பின்மூடி, திரும்பவும் குக்கர். வேற வழியில்லாம கத்தியை மறுபடியும் கட்டிண்டேன்.

"நீங்க இல்லேன்னா இந்தக் குடித்தனமே பிரிஞ்சு விழுந்துடும், கேட்டேளா"ம்பா. பின்னே? உண்மைதானேன்னு நானும் மீசை இல்லாத இடத்தைத் தடவிப்பேன்.

இன்னிக்கும் அப்படித்தான். குக்கரை நன்னா இறுக்கி முடுக்கிக் கொடுத்தேன். அவ கட்டைவிரல்ல துணி சுத்தியிருந்தது.

"விரல்ல என்னடி?"

"அருவாமணை கிழிச்சுடுத்து."

"அதுவும் பிடிக்கத் தெரியலையா? கர்மம்!"

சொல்லிட்டு நிமிர்ந்தேன். என்னமோ திடீர்னு ஒரு தெம்பு. "தேவரா வரைக்கும் போயிட்டு வரேன். அந்த வேலையைப் பார்க்கறேன்"னேன்.

"நன்னாப் போயிட்டு வாங்கோ"ன்னா. கண் கலங்கியிருந்தது. வெங்காயம் நறுக்கறான்னு நினைச்சுண்டேன்.

ஜெட்டி வரைக்கும் போனப்புறம்தான் குடையை மறந்தது ஞாபகம் வந்தது. வானம் இருண்டுண்டு வந்தது. திரும்பினேன். கொல்லைப் பக்கமா வந்தவன் அடுக்களை ஜன்னல்கிட்டே நின்னுட்டேன்.

கமலாக்ஷி தரையில உட்கார்ந்து குக்கரை மடியில இடுக்கிண்டிருந்தா. கையில ஒரு பழைய செப்புக் காசு. அதை ஸ்க்ரூவுல வெச்சு, பல்லைக் கடிச்சுண்டு திருகறா. நான் இறுக்கின இறுக்குக்கு அது லேசில அசையலை. கட்டைவிரல் துணியில ரத்தம் கசியறது. கடைசியில கைப்பிடி லொடக்குனு ஆடித்து. "அப்பாடா"ன்னா.

சத்தம் போடாம வாசலுக்குச் சுத்தி வந்து, பலமாக் கனைச்சேன்.

"குடையை மறந்துட்டேன்."

"நல்லவேளை வந்தேள்! இந்தக் குக்கர்..."

"மறுபடியுமா? உன் கையென்ன கையா, கடப்பாரையா?"

அதே திட்டு, அதே குரல். பூணூலை இழுத்து, கத்தியை விரிச்சு, முடுக்கிக் கொடுத்துட்டுக் குடையோட கிளம்பினேன்.

ஸ்க்ரூவை மட்டும் ரொம்ப இறுக்கலை. பாவம், அவளுக்கு விரல் வலிக்கும்.